நாற்பத்தைந்து நிமிட வெறும் காற்று

அத்தியாயம் 7

"மேரி, இந்த வீட்டிலே வாயைக் கொஞ்சம் அடக்கி வை. பெரிய மனுஷன் வீடு" என்றார் பரமானந்தம், மாடிப்படி ஏறிக்கொண்டே.

"டூட்டியிலே எட்டு மணி நேரம் 'நம்பர் ப்ளீஸ்' தவிர ஒரு வார்த்தை பேசக் கூடாது. லீவு நாளைக்குத்தான் சார் வாயைத் திறக்கேன். அதுக்கும் பூட்டா?" என்றாள் செல்வமேரி.

பழனி சன்னதி வீதியில் கீழே பஞ்சாமிர்தக் கடை, மேலே சுநாத வட்டம். வாழைப்பழமும் சர்க்கரையும் சேர்ந்த வாசனை மாடி வரை ஏறி வந்து உட்கார்ந்திருந்தது. இரண்டுக்கும் முதலாளி நல்லுசாமி.

பரமானந்தம் பத்தொன்பது வருஷம் ரேடியோ லைசென்ஸ் இன்ஸ்பெக்டராக இருந்தவர். லைசென்ஸ் இல்லாத ரேடியோவை நெல்லுக்குள் புதைத்து வைத்தாலும் வீட்டுக்காரன் முகத்தைப் பார்த்தே எடுத்துவிடுவார். அந்த ஒரு வித்தையை நம்பி வேலையை உதறிவிட்டு, கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டு அருகே 'துப்பறியும் நிபுணர்' என்று போர்டு மாட்டி நாலு வருஷமாகிறது. செல்வமேரி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆப்பரேட்டர். மலையில் யார் வீட்டு மணியை எப்படி அடித்தால் யார் எழுந்து வருவார் என்பது அவளுக்கு அத்துப்படி. டாக்டருக்கு ஒரே நீளமாக ஒன்று. தூங்குமூஞ்சி லாட்ஜுக்கு விடாமல் பத்து. சின்ன வயதில் அவளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்த ஆரோக்கியதாஸ் சாருக்குத் தாளத்தோடு. அந்தக் காதையும் அந்த வாயையும் பார்த்துத்தான் பரமானந்தம் அவளை லீவு நாள் உதவியாளராக வைத்துக்கொண்டார்.

இப்போதைய கேஸ் ஒரு கேசட். அதைக் கொண்டுவந்தவள் அமிர்தவல்லி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்த குடும்பம். கொடைக்கானல் பள்ளிக்கூட ஹாஸ்டல் ஒன்றில் துணி துவைக்கிற வேலை. அவள் அப்பா பிச்சையா தோட்டத்து மாரியம்மன் கோயில் நாயனக்காரர். ஒரு திருவிழாவில் அவர் வாசித்த தோடியைத் தோட்டத்துத் தேயிலை ஃபாக்டரி டீமேக்கர் பதிவு செய்திருந்தார். இங்கே வந்த பிறகு பிச்சையா நாயனத்தைத் தொடவில்லை. வாட்டில் மரம் வெட்டினார், செத்துப்போனார். மிச்சம் இருந்தது அந்த ஒரு கேசட்தான். வேறு பிரதி கிடையாது.

அதைத்தான் அவள் சுநாத வட்டத்துக்கு அனுப்பினாள். அது இருபத்திரண்டு ரசிகர்கள் சேர்ந்த தபால் வட்டம். கேசட்டுகள் பார்சலில் ஊர் ஊராகச் சுற்றும். கேட்டவர் அபிப்பிராயம் எழுதி அடுத்தவருக்கு அனுப்புவார். முகம் பார்ப்பது வருஷத்துக்கு ஒரு நாள், தைப்பூசத்துக்கு மறுநாள் பழனியில். புதிதாகச் சேர விரும்புகிறவர் வேறு யாரிடமும் இல்லாத ஒரு பதிவை அனுப்ப வேண்டும். வாசித்தவர் பெயரை உறையில் போட்டு அரக்கு வைக்க வேண்டும். இரண்டு பரீட்சகர்கள் பெயர் தெரியாமல் கேட்டு, அது யார் என்று அட்டையில் எழுதுவார்கள். சிபாரிசு செய்தவர் கடைசியாகக் கேட்டுக் கையெழுத்துப் போடுவார். ஆண்டுக் கூட்டத்தில் எல்லோர் முன்பும் கேசட்டைப் போட்டுவிட்டு உறையைப் பிரிப்பார்கள்.

கூட்டத்தில் போட்டபோது கேசட் காலி. 'விண்ணப்பம் ஏற்க இயலவில்லை' என்ற கடிதத்தோடு கேசட்டும், பிரிக்கப்படாத உறையும் திரும்பி வந்தன.

நல்லுசாமி சந்தனக் கீற்றும் தங்கப் பிரேம் கண்ணாடியுமாக உட்கார்ந்திருந்தார். பின்னால் அலமாரி நிறையக் கேசட்டுகள், தலைக்கு மேல் கடகடவென்று மின்விசிறி.

பரமானந்தம் கேசட்டை எடுத்து அதன் முதுகைக் காட்டினார். "இந்த மூலையிலே ஒரு பிளாஸ்டிக் பல் இருக்கும். அதை உடைச்சுட்டா மேலே எதையும் பதிய முடியாது. அமிர்தவல்லி உடைச்சுத்தான் அனுப்பியிருக்கு. யாரோ அந்த ஓட்டையை மறுபடி மூடியிருக்காங்க. எதை வச்சு மூடியிருக்கு, பாருங்க."

"ஸ்டாம்பு ஷீட்டோட ஓரத் தாள்" என்றார் நல்லுசாமி.

"முழு ஷீட்டா வாங்குறவங்ககிட்டதான் ஓரத் தாள் இருக்கும். மாசம் நாற்பது பார்சல் அனுப்புறவர் நீங்க."

"வேற யாருகிட்டயும் இல்லாத பதிவு" என்றாள் செல்வமேரி. "ஒரு பிரதி எடுத்துக்கிட்டு மூலத்தை அழிச்சுட்டா உலகத்துக்கே நீங்க ஒருத்தர்தான் சொந்தக்காரர். பஞ்சாமிர்தத்தை எடுத்துக்கிட்டு டப்பாவை மட்டும் திருப்பிக் குடுத்த மாதிரி."

நல்லுசாமிக்குக் கோபம் வரவில்லை, சிரித்தார். மேஜை இழுப்பறையிலிருந்து ஓரத் தாள் துண்டுகள் ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டார். "ஒவ்வொரு பார்சலுக்குள்ளயும் ஒட்டுறதுக்கு நாலு துண்டு வச்சு அனுப்புவேனுங்க. இருபத்திரண்டு வீட்டிலயும் கெடக்கு. இந்தத் தோடி எங்கிட்ட இருந்தா இப்ப உங்ககூடப் பேசிக்கிட்டு இருப்பேனா? கதவைச் சாத்திக்கிட்டு அதைத்தான் கேட்டுக்கிட்டு இருப்பேன். அட்டையைப் படிங்க."

மூன்று அட்டைகள். முதலாவது அவருடையது. 'அரசவனத்தார். சந்தேகத்துக்கு இடமே இல்லை. 1957-ல் இதே பழனியில் முதல் வரிசையில் உட்கார்ந்து இந்தத் தோடியைக் கேட்டவன் நான். ஒரே ஸ்வரத்தில் நெடுநேரம் நிற்கும் இந்தக் கார்வை இன்னொருவருக்கு வராது. சம்மதம்.' இரண்டாவது பண்ணைக்காட்டுக் காப்பித் தோட்டக்காரர் குமாரவேலுடையது. 'அரசவனத்தாரேதான். மெட்ராஸ்காரர்களிடம்கூட இல்லாத பொக்கிஷம். சம்மதம்.' மூன்றாவதில் சிபாரிசு செய்தவரின் ஒரே வரி: 'கேட்டேன். ஆரோக்கியதாஸ், கொடைக்கானல்.'

அரசவனத்தார் தஞ்சாவூர்ப் பக்கத்து மகா வித்வான், காலமாகிப் பத்து வருஷம். செல்வமேரி பரமானந்தத்தைப் பார்த்தாள். அவர் கண்ணாலேயே, பேசாதே என்றார்.

"உறையைப் பிரிச்சுப் பார்க்கலியா?" என்று கேட்டார் பரமானந்தம்.

"எதுக்குங்க? அரசவனத்தார்தான்னு நாங்க ரெண்டு பேரும் எழுதின பிறகு உறை என்னத்தைச் சொல்லிரப் போகுது?"

செல்வமேரிக்கு நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"கேசட்டை உங்க மிஷின்லே ஒருதரம் போடுங்க" என்றார் பரமானந்தம்.

"காலிங்க. கூட்டத்திலே ரெண்டு நிமிஷம் போட்டுப் பார்த்தோம்."

"முழுசும் போடுங்க. இந்த ஃபேனை நிறுத்திருங்க."

"ஐயோ, மார்ச் மாசத்திலேயா? மனுஷன் வெந்துபோவான்" என்று எழுந்த நல்லுசாமி மிஷினைத் தட்டிவிட்டுக் கீழே கடைக்குப் போய்விட்டார். வெறும் நாடாவைக் கேட்க எந்த ரசிகனுக்குப் பொறுமை இருக்கும்?

ஸ்ஸ்ஸ் என்று ஒரே சீறல். செல்வமேரி கடிகாரத்தைப் பார்த்தாள். "ஏன் சார், இதுக்கு நாம தலையாட்டணுமா, தொடை தட்டணுமா?"

"கவனிச்சுக் கேளு. இது காலி இல்லே. நல்லுசாமி பழைய நாடா அழிக்கிறவர். அந்தத் தட்டுலே பார், வயரில்லாத மொட்டைப் பிளக் ஒண்ணு கெடக்கு. அதைச் சொருகினா மிஷினோட மைக் செத்துரும். அழிச்சது சுத்தமா அழியும். இதை அழிச்ச ஆளுக்கு அந்த சூட்சுமம் தெரியலே. மைக் தெறந்தே இருந்திருக்கு. இதிலே ஒரு ரூம் இருக்கு, மேரி."

அவள் காதைத் தீட்டிக்கொண்டாள். சீறலுக்குள் எங்கோ நாற்காலி கிறீச்சிட்டது. தீக்குச்சி உரசும் சத்தம். தகரக் கூரையில் லேசாகத் தூறல். மின்விசிறிச் சத்தம் மட்டும் கிடையாது.

"ஃபேன் இல்லாம முக்கால் மணி நேரம் உக்காருற ரூம்" என்றார் பரமானந்தம். "பழனி இல்லே. மலை."

இருபத்திரண்டாவது நிமிஷத்தில் ஒரு டெலிபோன் மணி அடித்தது.

"சரி, பண்ணைக்காடும் இல்லே. குமாரவேல் தோட்டத்துக்கு போன் கெடையாது" என்ற பரமானந்தம் சட்டென்று நிறுத்தினார். செல்வமேரியின் முகம் வெளுத்துப் போயிருந்தது.

சின்னதாக மூன்று. ஒரு மூச்சு இடைவெளி. சின்னதாக நான்கு. மறுபடி மூன்று, மறுபடி நான்கு. நாலு சுற்று அடித்துவிட்டு ஓய்ந்தது. யாரும் எடுக்கவில்லை. அதன் பிறகு நாடாவில் ஒரு பெருமூச்சு, பிறகு பழைய சீறல்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு, சார்" என்றாள் செல்வமேரி. பரமானந்தம் கேசட்டோடு அந்த மூன்று அட்டைகளையும் எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

பஸ் மலையேறத் தொடங்கி ஏழெட்டு வளைவு தாண்டிய பிறகுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"அது என் விரல், சார்."

"என்னது?"

"அந்த மணி. நான் அடிச்சது. எக்ஸ்சேஞ்சிலே விசையை அமுக்குற நேரம்தான் அங்கே மணி அடிக்கும். மூணு, நாலு. தகிட, தகதிமி. மிஸ்ர சாபு தாளம். மலை முழுக்க ஒரே ஒரு நம்பருக்குத்தான் நான் அப்படி அடிப்பேன். நாற்பத்து மூணு." அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "'தாளத்திலே அடிச்சாத்தான் எழுந்து வருவேன்'னு ஆரோக்கியதாஸ் சார் விளையாட்டா சொன்னாரு. ஆறு வருஷமா அப்படித்தான் அடிக்கேன். ஒருநாளும் எடுக்காம இருந்ததில்லே. ஒரே ஒரு நாளைத் தவிர."

அந்த நாள் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஜனவரி, பொங்கலுக்கு முந்தின புதன். எக்ஸ்சேஞ்ச் போர்டில் ஹாஸ்டல் லைன் விழுந்தது. 'அக்கா, நாப்பத்தி மூணு குடுங்கக்கா. அப்பா வாசிச்சதை சார் கேட்டுட்டாரான்னு தெரிஞ்சிக்கணும்' என்று ஒரு பெண் குரல். நாலு சுற்று அடித்துப் பார்த்துவிட்டு, 'பதில் இல்லைம்மா, சார் கிளாஸ்லே இருப்பாரு' என்று செல்வமேரிதான் சொன்னாள்.

"அமிர்தவல்லி லைன்லே காத்துக்கிட்டு இருக்கா. அந்த நேரத்திலே அங்கே சார் அவ அப்பாவை அழிச்சுக்கிட்டு இருக்காரு" என்றாள். அவளுக்கு அழுகை வரவில்லை. அந்த மனுஷனிடம் ஸ்வரம் கற்றுக்கொண்ட வாய் கசந்தது.

சர்ச் கட்டடத்தை ஒட்டிய பாட்டறையில் ஆரோக்கியதாஸ் தனியாக இருந்தார். ஐம்பத்தெட்டு வயது, முட்டி தேய்ந்த கோட்டு, கம்பளி மப்ளர். ஹார்மோனியத்துக்குப் பக்கத்தில் டேப் ரிக்கார்டர். சுவரோரம் டெலிபோன்.

"வாம்மா மேரி! ஆளையே காணோம். காப்பி சாப்பிடுறீங்களா சார்?"

பரமானந்தம் பதில் சொல்லாமல் கேசட்டை மிஷினில் போட்டு, தேவையான இடத்துக்கு ஓட்டிவிட்டார். மூன்று, நான்கு. மூன்று, நான்கு. ஆரோக்கியதாஸின் கை தன்னையறியாமல் தொடைக்குப் போயிற்று. பாதியில் அப்படியே நின்றது.

"ஏன் சார் எடுக்கலே?" என்று கேட்டாள் செல்வமேரி.

அவர் மிஷினை நிறுத்தினார். பிறகு, "எடுத்து ஹலோன்னு சொன்னா என் குரல் பதிஞ்சிருமேம்மா" என்றார். "மணி பதிஞ்சது தெரியும். வெறும் நாடாவை யாரு இருபத்திரண்டு நிமிஷம் கேக்கப் போறான்னு விட்டுட்டேன்."

"சரியாத்தான் கணக்குப் போட்டிருக்கீங்க. அந்த வட்டத்திலே எவனும் கேக்கலே" என்றார் பரமானந்தம். "எதுக்கு அழிச்சீங்க?"

"பார்சலைப் பிரிச்சு முதல்லே அட்டையைத்தான் படிச்சேன். அரசவனத்தார்னு எழுதியிருந்தாங்க. முதல் வரிசையிலே உக்காந்து கேட்டேன்னு வேற எழுதியிருந்தாரு. உறைக்குள்ளே யாரு பேர் இருக்குன்னு எனக்குத் தெரியும். கூட்டத்திலே அதைப் பிரிச்சா என்ன ஆகும்? தோட்டத்து மாரியம்மன் கோயில் நாயனக்காரரை அரசவனத்தார்னு சொன்ன ரெண்டு பெரிய மனுஷங்க இருபது பேருக்கு முன்னாலே தலை குனியணும். தப்பு அவங்க காதுலேன்னு சொல்லுவாங்களா? ஆரோக்கியதாஸ் வேணும்னே வலை விரிச்சான்னு சொல்லுவாங்க."

"சொல்லட்டுமே!" என்றாள் செல்வமேரி.

"நீ லேசாச் சொல்லிட்டே. அந்த வட்டத்திலே சேர மூணு தடவை மனுப் போட்டேம்மா நான். மூணு தடவையும் திருப்பி அனுப்பினாங்க. வேதக்காரனுக்கு எதுக்குத் தோடின்னு ஒருத்தர் எழுதியே அனுப்பினாரு. நாலாவது தடவைதான் உள்ளே போனேன். எனக்கு இந்த மலையிலே பாட்டுப் பேச வேற யாரு இருக்கா? அந்த இருபது பேர் கடுதாசிதான்."

"அந்தப் பொண்ணுக்கு யாரு இருக்கா?"

அவர் மப்ளர் நுனியைக் கையில் சுற்றினார்.

"பிரதி ஏதாவது எடுத்து வச்சிருக்கீங்களா?" என்று பரமானந்தம் கேட்டார். குரலில் இருந்த ஆசையை அவரால் மறைக்க முடியவில்லை.

"இல்லே. இருந்தா கேப்பேன். கேட்டா அதை யார்கிட்டயாவது சொல்லாம இருக்க முடியாது." ஆரோக்கியதாஸ் நாற்காலியில் தளர்ந்து உட்கார்ந்தார். "அழிக்கிறதுக்கு முன்னாலே ஒருதரம் முழுசாக் கேட்டேன். அவங்க எழுதினதிலே பேரைத் தவிர ஒரு தப்பும் இல்லேம்மா."

பரமானந்தம் டெலிபோனை எடுத்துப் பழனிக்கு லைன் கேட்டார். கிடைத்தது. நடந்ததை அப்படியே நல்லுசாமியிடம் சொன்னார். வாசித்தவர் பெயரையும் சொன்னார். பிறகு நல்லுசாமியின் குரல் அறை முழுக்கக் கேட்கிற மாதிரி வந்தது.

"நடந்தது நடந்துபோச்சுங்க. நாடாவே இல்லாதப்போ அது யாருன்னு இனி யாரு சொல்ல முடியும்? அரசவனத்தார் பதிவு ஒண்ணு வந்தது, வழியிலே அழிஞ்சுபோச்சு. நோட்டிலே அப்படித்தான் எழுதியிருக்கு. அப்படியே இருக்கட்டும். ஆனா அந்த ஆரோக்கியதாஸை இனி வட்டத்திலே வச்சுக்க முடியாதுங்க. நம்பி நாடா அனுப்ப முடியாத ஆளு. ஆமா, அந்த அட்டைங்களை நீங்க எடுத்துட்டுப் போயிட்டீங்க போலிருக்கே? வெரசா அனுப்பிருங்க."

"எடுத்தப்போ இருந்தது. இப்போ பாத்தா பை காலிங்க" என்று சொல்லிப் போனை வைத்தார் பரமானந்தம்.

ஆரோக்கியதாஸ் தலைகுனிந்து இருந்தார். எந்தக் கதவுக்காக இன்னொருத்தியின் அப்பாவை அழித்தாரோ, அந்தக் கதவு அவர் காது கேட்கவே சாத்தியாகிவிட்டது. செல்வமேரிக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. அப்படி வந்ததற்காகத் தன்மேலேயே எரிச்சலும் வந்தது. சொல்லிக்கொள்ளாமல் வெளியே வந்தாள்.

ஹாஸ்டல் துணி துவைக்கிற கொட்டகையில் ஈரப் போர்வைகள் கொடி கொடியாகத் தொங்கின. அமிர்தவல்லி கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். "கெடைச்சதாக்கா?"

செல்வமேரி எல்லாவற்றையும் சொன்னாள், ஆரோக்கியதாஸின் பெயர் உட்பட. வேடிக்கைப் பேச்சு ஒன்றுகூட அவள் வாயில் வரவில்லை. பரமானந்தம் அட்டைகளை எடுத்து நீட்டினார். அமிர்தவல்லி எழுத்துக்கூட்டி, சத்தம் போட்டே படித்தாள். இந்தக் கார்வை இன்னொருவருக்கு வராது. மெட்ராஸ்காரர்களிடம்கூட இல்லாத பொக்கிஷம்.

"இது எங்கப்பாவத்தானக்கா சொல்றாங்க?"

"உங்கப்பாவைத்தான்."

"பேரு மட்டும் வேற." அவள் இன்னொரு முறை படித்தாள். "எங்கப்பா பேரை மொதல்லயே சொல்லியிருந்தா இப்படி எழுதியிருப்பாங்களா?"

செல்வமேரி கொடியிலிருந்து நழுவிய ஒரு போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

அமிர்தவல்லி அலமாரியிலிருந்து அப்பா காலத்து டேப் ரிக்கார்டரை எடுத்து வந்தாள். "நான் போன் பண்ணினது இதிலே கேக்குதுன்னீங்களே. எந்த எடம்?"

"வேண்டாம் அமிர்தம்."

"போடுங்கக்கா."

செல்வமேரி ஓட்டிவிட்டாள். மூன்று, நான்கு. மூன்று, நான்கு. நாலு சுற்றும் முடிகிற வரை அமிர்தவல்லி மிஷினுக்குப் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டாள்.

"அக்கா, தோடியிலே பாதிக்கு வந்ததும் அப்பா ரொம்ப நேரம் மூச்சு விடாம ஒரே எடத்திலே நிப்பாரு. தோட்டத்து லயத்து வீட்டு ஆளுங்கள்லாம் அப்பத்தான் கையைத் தட்டுவாங்க." நாடா சீறிக்கொண்டே ஓடியது. "சரியா இந்த எடந்தான். என் மணிக்கு அடியிலதான் அப்பா நின்னுக்கிட்டு இருந்திருக்காரு."